சனி பகவானைக் கண்ணால் கண்டதுண்டா?

சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். எள் முடிந்த விளக்கை ஏற்றிவைத்து நவக்கிரகங்களைச் சுற்றி வருகிறோம். சனிப்பெயர்ச்சி என்றால் தோட்டத்துக் கோயிலில்கூடக் கூட்டம் நெரிகிறது. கல்யாணம் தள்ளிப்போனாலும், கைக்கு வரவேண்டிய பணம் வராமல் நின்றாலும் "ஏழரை பிடித்திருக்கிறது" என்று சொல்லிக்கொள்கிறோம். எல்லாம் சரி, அன்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் சனியை என்றைக்காவது வானத்தில் பார்த்ததுண்டா?

பார்த்திருப்பீர்கள். இதுதான் சனி என்று தெரியாமலே பார்த்திருப்பீர்கள். விடியுமுன் எழுந்து, கோப்பியைக் குடித்துவிட்டு, பிரட்டுக்களத்துக்கு நடக்கிறபோது செம்பனை மட்டைகளுக்கு மேலே மினுக்காமல் நின்று எரியும் மஞ்சள் புள்ளி ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நட்சத்திரம் மினுக்கும், கிரகம் பெரும்பாலும் மினுக்காது. கண்ணைப் பறிக்கிற வெண்மையாக, விடியலிலோ அந்தியிலோ தெரிந்தால் அது வெள்ளி. நடு இரவிலும் அப்படியே பளிச்சென்று இருந்தால் வியாழன். சிவப்புச் சாயல் என்றால் செவ்வாய். மங்கிய மஞ்சளில், ஆர்ப்பாட்டமில்லாமல் இருப்பவர்தான் சனி.

சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு ராசிகளுக்கும் பங்கிட்டுப் பாருங்கள். ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை! வியாழனுக்கு ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் குருப்பெயர்ச்சி ஆண்டுக்கொருமுறை வருகிறது. பலன் நல்லதா கெட்டதா என்பதைச் சோதிடரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் வேலையல்ல. ஆனால் இந்தக் கணக்கு ஏட்டிலிருந்து பிறந்ததல்ல. கண்ணாடியும் கருவியும் இல்லாத காலத்தில் தலைமுறை தலைமுறையாக யாரோ இரவில் விழித்திருந்து, அந்த மஞ்சள் புள்ளி எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்ட கணக்கு.

அந்த விழித்திருக்கும் வேலையை இன்றைக்கும் விரும்பிச் செய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பகலில் கடையோ தொழிற்சாலையோ, இரவில் வானம். சம்பளம் கிடையாது. பார்ப்பதோடு அவர்கள் நிற்பதில்லை; கிரகங்களையும், அவற்றுக்கும் எட்டாத தூரத்திலிருக்கும் அண்டங்களையும் படம் பிடிக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கிற நமக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். நம்மிடம் இருந்தும் நமக்குத் தெரியாத இரண்டு செல்வங்கள் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

சிறிய தொலைநோக்கி ஒன்றில் நாற்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலே சனியின் வளையம் தெரிந்துவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பலர் தொலைநோக்கியின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்ப்பார்கள், உள்ளே யாராவது படத்தை ஒட்டிவைத்திருக்கிறார்களோ என்று! 2025 மார்ச் மாதம் அந்த வளையங்கள் நம் பார்வைக்கு விளிம்பைக் காட்டிக் கோடுபோல் ஒடுங்கின. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2030-களின் தொடக்கத்தில் அகலத் திறந்து நிற்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போது காட்டினால், அது வளர வளர வளையமும் விரிவதைப் பார்க்கும்.

பார்த்தால் போதாதா, படம் எதற்கு? காரணம் காற்று. வெயில் காயும் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைக் கண்டிருப்பீர்கள். அந்த நெளிவு வானம் முழுவதும் உண்டு. தொலைநோக்கிக்குள் தெரியும் கிரகம் ஓடை நீருக்கடியில் கிடக்கும் காசு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு கணம் மட்டும் காற்று அடங்கும், கோடு கோடாக எல்லாம் தெளியும், "ஆகா" என்பதற்குள் மறைந்துவிடும். கண் அந்தக் கணத்தைப் பிடித்துவைக்க முடியாது. ஆகவே இவர்கள் தொலைநோக்கியின் பின்னால் சிறிய வீடியோ கேமராவைப் பொருத்தி, ஓரிரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்துத் தள்ளுகிறார்கள். பிறகு கணினியில் அத்தனையையும் கொட்டிப் புடைக்கிறார்கள். ஆம், அரிசியை முறத்தில் புடைக்கிற அதே வேலைதான். கலங்கிய படங்கள் பதராகப் போகும்; தெளிந்தவை நிற்கும். நின்றவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எந்த மனிதக் கண்ணும் அந்தத் தொலைநோக்கியில் கண்டிராத தெளிவோடு ஒரு கிரகம் வந்து நிற்கும். அதிலும் அவசரம் உண்டு. வியாழன் பத்து மணிக்கும் குறைவான நேரத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. சில நிமிடத்துக்கு மேல் இழுத்தால், அதன் சுழற்சியே படத்தைக் கலக்கிவிடும்.

இங்கேதான் நம் முதல் செல்வம் வருகிறது. பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறவர்கள் நாம். கிரகங்கள் போகும் பாதை நமக்கு எப்போதும் உச்சியை ஒட்டியே போகிறது. கிரகம் உச்சியில் இருந்தால் அதன் ஒளி குறைந்த கனமுள்ள காற்றைக் கடந்து வருகிறது. லண்டன்காரருக்குச் சில ஆண்டுகளில் வியாழனும் சனியும் கூரை விளிம்பைத் தாண்டுவதே பெரும்பாடு. அதனால் இங்கிலாந்தின் கைதேர்ந்த படப்பிடிப்பாளர்கள் சிலர் தொலைநோக்கியைக் கட்டி எடுத்துக்கொண்டு, விமானம் ஏறிக் கரிபியன் கடலிலுள்ள பார்பேடாஸ் தீவுக்குப் போய்ப் படம் எடுத்ததுண்டு. நமக்கு அந்த வானம் வாசலிலேயே இருக்கிறது.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரர் ஒருவர் இதில் என்ன சாதித்தார் என்று பாருங்கள். பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊர். அங்கே மேசை நாற்காலி செய்து ஏற்றுமதி செய்யும் தொழில் நடத்துகிறவர் கிறிஸ்டோபர் கோ. ஊர் விளக்கு வெளிச்சத்துக்கு நடுவிலிருந்தே வியாழனைப் படம் பிடித்து வந்தார். வியாழனில் ஒரு பெரிய சிவப்புப் புள்ளி உண்டு. நம் பூமியையே விழுங்கக்கூடிய புயல் அது. அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு சிறிய புயல் 2000-ஆம் ஆண்டு முதல் இருந்துவந்தது. மூன்று வெள்ளைப் புயல்கள் ஒன்றோடொன்று கலந்து உண்டானது அது. 2006 பிப்ரவரி 24-ஆம் தேதி எடுத்த படத்தில் அந்த வெள்ளைப் புயல் சிவந்திருப்பதைக் கோ கவனித்தார். உலகத்திலுள்ள பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு முன்னால், செபு நகரத்து வியாபாரி கண்டுபிடித்தார்! சில வாரங்களில் விண்ணில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியே அந்தப் பக்கம் திரும்பியது.

அதைவிட எனக்குப் பிடித்த கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. கான்பராவுக்குப் பக்கத்தில் முரம்பேட்மன் என்ற சிற்றூர். கணினி வேலை செய்யும் ஆண்டனி வெஸ்லி என்பவர் 2009 ஜூலை 19 அன்று இரவு, தாமே உருவாக்கிய பதினாலரை அங்குலத் தொலைநோக்கியை வியாழன் மேல் திருப்பி வைத்திருந்தார். காற்று மோசமாகிக்கொண்டு வந்தது. மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்தவர், சற்று இளைப்பாற உள்ளே போய்த் தொலைக்காட்சியில் விளையாட்டுப் பார்த்தார். (இந்த இடத்தில் நம்மில் பாதிப்பேர் அப்படியே தூங்கிப்போயிருப்போம்.) அரைமணி கழித்துத் திரும்பி வந்தால், வியாழனின் தென்துருவத்துக்கு அருகே ஒரு கறுப்புப் புள்ளி! முதலில் வியாழனின் துணைக்கோள் ஒன்றின் நிழல் என்று நினைத்தார். நிழல் இருக்கவேண்டிய இடம் அதுவல்ல. அது வியாழனோடு சேர்ந்தே நகர்ந்தது. விண்ணிலிருந்து ஏதோ ஒன்று வந்து வியாழன்மேல் மோதி, பூமியின் பசிபிக் பெருங்கடல் அளவுக்கு வடுவை உண்டாக்கியிருந்தது.

வெஸ்லி உடனே செய்தி அனுப்பினார். ஹவாயில் நாசாவின் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் உண்மைதான் என்று உறுதி செய்தார்கள். 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்நட்சத்திரம் துண்டுதுண்டாக வியாழனில் விழுந்ததை உலகமே எதிர்பார்த்துக் காத்திருந்து பார்த்தது. சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து நடந்த இந்த மோதலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் விழித்திருந்தார். அடுத்த ஆண்டு, 2010 ஜூன் 3 அன்று, வியாழனில் மின்வெட்டுப்போல் ஓர் ஒளி பளிச்சிட்டதையும் இதே வெஸ்லி வீடியோவில் பிடித்தார். செய்தி கேட்ட செபு வியாபாரி தம்முடைய அன்றைய வீடியோவைத் தேடிப் பார்த்தார். அதிலும் அந்த ஒளி இருந்தது! இரண்டு நாட்டில் இரண்டு பேர் ஒரே கணத்தைப் பிடித்துவிட்டால், அது கருவிக் கோளாறு என்று எவரும் சொல்ல முடியாதல்லவா?

ஆக, கிரகத்துக்கு விளக்கு வெளிச்சம் தடையில்லை. சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டிலிருந்துகூட வியாழனைப் பிடிக்கலாம். பட்டணத்து வாசகர்களுக்கு இந்த வரம். ஆனால் அண்டங்களைப் பிடிக்கவேண்டுமானால் இருட்டு வேண்டும். அது தோட்டத்து வாசகர்களின் செல்வம்.

நாம் இருக்கும் பால்வீதியில் பல ஆயிரம் கோடி நட்சத்திரங்கள் இருக்கின்றன. சூரியன் அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட நட்சத்திரக் கூட்டம் ஒவ்வொன்றும் ஓர் அண்டம். நமக்கு அடுத்த பெரிய அண்டத்தின் பெயர் ஆண்ட்ரோமீடா. அதன் ஒளி நம்மிடம் வந்துசேர 25 இலட்சம் ஆண்டு பிடிக்கிறது. நவம்பர் மாதம் முன்னிரவில் வடக்கே பார்த்தால், நல்ல இருட்டில், கண்ணாடி துடைத்த துணி பட்டது போல மங்கலாக ஒரு திட்டுத் தெரியும். கண்ணுக்கு அவ்வளவுதான். ஆனால் படத்தில் அது சுருள் சுருளாக, நீலமும் பொன்னுமாக விரிகிறது. ஏன்?

பால் வெட்டியவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கோடு போட்டதும் மங்கில் விழுவது சொட்டுத்தானே! ஐந்து நொடியில் எட்டிப் பார்த்தால் மங்கின் அடி நனைந்திருக்காது. இரண்டு மணி கழித்துப் போனால் நிறைந்திருக்கும். நம் கண் என்பது நொடிக்குப் பலமுறை கவிழ்க்கப்படும் மங்கு. ஒளி சேர விடுவதில்லை. கேமரா மரத்தடியிலேயே காத்திருக்கும் மங்கு. மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைக்கிறது.

இதை முதலில் ஆண்ட்ரோமீடாவின்மேல் செய்துகாட்டியவரும் பேராசிரியர் அல்ல. வேல்ஸ் நாட்டில் பிறந்து, லிவர்பூலில் கட்டடத் தொழில் பழகி முன்னேறிய ஐசக் ராபர்ட்ஸ் 1888-இல் எடுத்த படத்தில்தான் அதன் சுருள் உருவம் முதன்முதலாகத் தெரிந்தது. தாம் பிடித்தது என்னவென்று அவருக்கே தெரியாது! ஏதோ ஒரு சூரியக் குடும்பம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று எண்ணினார். அது நம் பால்வீதிக்கு வெளியிலிருக்கும் தனி அண்டம் என்பதை எட்வின் ஹபிள் 1920-களில்தான் நிலைநாட்டினார்.

ஹபிளைப் பற்றிச் சொன்னால் அவருடைய கூட்டாளியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மில்டன் ஹியூமசன் என்று பெயர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். கலிபோர்னியாவில் வில்சன் மலைமேல் வானாய்வுக்கூடம் கட்டியபோது, சாமான்களைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி மலைக்கு ஓட்டிச் சென்றார். 1917-இல் அதே ஆய்வுக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு இரவு உதவியாளர். கருவிகளைக் கையாளும் பக்குவத்தைப் பார்த்த மேலாளர்கள், பட்டமில்லாத அந்த மனிதரை விஞ்ஞானிகள் வரிசையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். மங்கலான அண்டங்களின் ஒளியைப் பதிவுசெய்ய ஓர் இரவு போதாது. விடிந்ததும் தகட்டை மூடி, மறுநாள் இரவு அதே இடத்தில் திறந்து, குளிரில் உட்கார்ந்து, வழிகாட்டும் நட்சத்திரம் குறுக்குக்கம்பியை விட்டு விலகாமல் கையாலேயே திருகிக்கொண்டிருந்தார் ஹியூமசன். அண்டங்கள் ஒன்றைவிட்டொன்று விலகி ஓடுகின்றன, பிரபஞ்சம் விரிகிறது என்ற பெரிய உண்மை அந்தத் தகடுகளிலிருந்துதான் உறுதிப்பட்டது. 1950-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அது பெரிய தொலைநோக்கி, பெரிய மலை என்பீர்கள். சரி, அண்மைச் செய்தி ஒன்று. 2022-இல் பிரான்சைச் சேர்ந்த யான் சான்டி என்ற அமெச்சூர், 106 மில்லிமீட்டர் வாயுள்ள சிறு தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடாவை 22 இரவுகள், நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் படம் பிடித்தார். சேவியர் ஸ்ட்ராட்னர், மார்செல் டிரெக்ஸ்லர் என்ற இரண்டு அமெச்சூர்கள் அவரோடு கூட்டு. ஆக்சிஜன் வெளியிடும் நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டுப் பார்த்தபோது, ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு பெரிய வில் தெரிந்தது. நூற்றுமுப்பது ஆண்டுகளாக எத்தனையோ ஆயிரம் பேர் படம் எடுத்த இடம் அது! யார் கண்ணிலும் படவில்லை. யாருடைய மங்கும் அத்தனை நேரம் காத்திருக்கவில்லை. அந்த வில் எங்கே இருக்கிறது, ஆண்ட்ரோமீடாவின் அருகிலா, நம் பால்வீதிக்குள்ளா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டு வானத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேகம் முதல் எதிரி. பக்கத்து நாட்டில் காடு எரிந்தால் புகைமூட்டம் இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. தொலைநோக்கியும் கூடவே நகரவேண்டும். அதற்கு அதன் அச்சை வடதுருவ நட்சத்திரத்துக்கு நேராக வைப்பது வழக்கம். கோலாலம்பூர், கிள்ளான் பகுதியில் அந்த நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து மூன்று பாகை உயரம்தான். கையை நீட்டி இரண்டு விரலைப் படுக்கவைத்த உயரம். செம்பனைக்குப் பின்னால் அதை எங்கே தேடுவது? இங்குள்ளவர்கள் வேறு நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாக வடக்கத்தியர் காணாத தெற்கு வானம் நமக்கு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பால்வீதியின் நடுப்பகுதி நம் தலைக்கு மேலேயே ஏறி வரும். ஜனவரியில் தெற்கே தாழ்வாக மெகல்லன் மேகங்கள் என்னும் இரண்டு குட்டி அண்டங்கள் தெரியும்.

தெரியும் என்றேன், இருட்டு இருக்கும்வரை தெரியும். 2016-இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடத்தில் முதலிடம் சிங்கப்பூருக்கு. அங்கே இரவிலும் மக்களின் கண் முழு இருட்டுக்குப் பழகுவதே இல்லையாம். இங்கேயும் கதை வேறல்ல. இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. அங்கிருந்து வெளியேறிய நம் குடும்பங்கள் இழந்தது லயத்தையும் கோயிலையும் மட்டுமல்ல, அந்த இருட்டையும்தான். அதற்கு யாரும் நட்டஈடு கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. தோட்டத்தில் இன்னும் இருக்கிறவர்கள், திடலின் விளக்கு எட்டாத இடத்துக்குப் பிள்ளைகளை ஒருநாளாவது அழைத்துப்போய்ப் பால்வீதியைக் காட்டிவிடுங்கள்.

பிள்ளை தொலைநோக்கி கேட்டால்? அவசரப்பட்டு வாங்காதீர்கள். "525 மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று பெட்டியில் அச்சடித்த பொம்மையை நம்பி நானும் ஏமாந்தவன்தான். கண்ணாடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்குக்குமேல் பெரிதாக்கினால் வெறும் கலங்கல்தான் பெரிதாகும். 60 மில்லிமீட்டர் என்றால் 120 மடங்கு, அதற்குமேல் வீண். முதலில் 7x50 அல்லது 10x50 என்று குறித்த பைனாகுலர் ஒன்று போதும். வியாழனின் நான்கு துணைக்கோள்களையும், ஆண்ட்ரோமீடாவின் திட்டையும் அதில் காணலாம். வேலைக்கு ஆகும் என்று தெரிந்தபின் பெரியதை யோசியுங்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். இறுக்க மூடும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். சூரியனை மட்டும் எந்தக் கண்ணாடி வழியாகவும் பார்க்கவிடாதீர்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும். போன கண் திரும்பாது.

ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் தொடங்குவதற்கும் வழி இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை முன்னிரவில் உயரத்தில், வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் நெருங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். திருவாதிரை என்கிற சிவந்த நட்சத்திரம் அவற்றுக்கு வடக்குப் பக்கம் இருக்கும். ஒரு வாளியைக் கவிழ்த்து, கைத்தொலைபேசியை அதன்மேல் அசையாமல் சாய்த்து வையுங்கள். இரவுப் படத்துக்கான அமைப்பை வைத்து, பத்து அல்லது பதினைந்து நொடி திறந்திருக்கும்படி செய்யுங்கள். கை பட்டால் ஆடிவிடும். ஆகவே தானாக எடுக்கும் நேரக்கருவியைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த மூன்றுக்கும் தெற்குப் பக்கத்தில் சிறிதாக இன்னும் மூன்று இருக்கும். அவற்றின் நடுவிலுள்ளது மட்டும் புள்ளியாக இல்லாமல், பஞ்சுபோல், இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும். அது ஒரு நட்சத்திரமல்ல. புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம். அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது.